சேரும் முன் ஒரு வகுப்பைச் சும்மா உட்கார்ந்து பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 26. நான் திருநம்பி (பிறப்பில் பெண் என்று பதியப்பட்ட ஆண்), வீட்டில் அக்காவுக்கு மட்டும் தெரியும். கிக்பாக்ஸிங் அல்லது ஜியு-ஜிட்ஸு கற்க ஆசை. கட்டிப் புரளும் இடத்தில் என் உடம்பைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று தயக்கம். மரியாதையாக நடத்தும் கூடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? உடை, பெயர் விஷயங்களை எப்படிச் சமாளிப்பது?

பதில்: கூடம் தேடும் முன் எந்தக் கலை என்பதை முடிவு செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் உடம்பு படும் அளவு வேறு. ஜியு-ஜிட்ஸுவில் முதல் வாரமே ஒருவர் உங்கள் மார்பின் மேல் ஏறி அமுக்குவார். அதில்லாமல் அந்தக் கலையே இல்லை. கிக்பாக்ஸிங்கில் ஒழுங்கான கோச் முதல் இரண்டு மூன்று மாதம் பையிலும் பேடிலும்தான் அடிக்க விடுவார். எதிரில் இருப்பவர் ஒரு கை தூரத்தில் நிற்பார். தாய்லாந்துக் கலையான முவாய் தாய் என்றால் கழுத்தைப் பிடித்து முழங்காலால் அடிக்கும் கட்டம் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். சிலம்பத்தில் கம்பின் நீளமே இடைவெளி. கொங்குப் பக்கத்து ஊர்களில் பள்ளி மைதானத்திலும் கோயில் திடலிலும் காலையும் மாலையும் சிலம்பம் சொல்லித்தருகிறார்கள். எல்லோரும் ட்ராக் பேண்டோடு வந்து அப்படியே வீட்டுக்குப் போகிறவர்கள் என்பதால், உடை மாற்றும் அறை என்ற தலைவலியே அங்கே எழாது. தயக்கம் பெரிதாக இருந்தால் கிக்பாக்ஸிங்கில் தொடங்கி, ஆறு மாதம் கழித்து ஜியு-ஜிட்ஸுவுக்கு மாறலாம்.

தூரம் அடுத்த கணக்கு. கோவையில் தேர்வு அதிகம், தெரிந்த முகம் குறைவு. ஆனால் திருப்பூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். ஷிப்மெண்ட் வாரத்தில் அவினாசி ரோட்டில் பஸ் பிடித்து வாரம் மூன்று நாள் போய்வருவது நடக்காது. பலர் இரண்டாவது மாதம் நின்றுபோவது இதனால்தான். உள்ளூரிலோ பெயருக்கு அடுத்து "எந்த ஊருங்க?" என்பார்கள், அதற்கடுத்து "என்ன கூட்டமுங்க?" என்று குலத்தைக் கேட்பார்கள். இரண்டே பதிலில் உங்கள் பெரியப்பா வரைக்கும் போய்விடுவார்கள். ஆகவே வாரநாளில் உள்ளூரில் கிக்பாக்ஸிங், ஞாயிறு மட்டும் கோவையில் ஜியு-ஜிட்ஸு என்று பிரித்துக்கொள்வதும் ஒரு வழி.

மூன்று கூடங்களைக் குறித்துக்கொண்டு ஒரே மாதிரி வாட்ஸப் அனுப்புங்கள்: "வணக்கம் மாஸ்டர். புதுசா சேரலாம்னு இருக்கேன். ஒரு நாள் ஓரமா உட்கார்ந்து வகுப்பைப் பார்க்கலாமுங்களா?" இதில் உங்களைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். பார்க்கவே விடாமல், வந்து பணம் கட்டச் சொல்பவரை அங்கேயே கழித்துவிடலாம். இலவச முதல் வகுப்பு என்பது வேறு. அதில் நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பீர்கள், எதுவும் கண்ணில் படாது.

பார்க்கப் போகும்போது புதியவர்களும் பழையவர்களும் சேர்ந்து பயிலும் வகுப்பாகப் பார்த்துப் போய், கடைசி பத்து நிமிடம் வரை இருங்கள். ஆட்கள் களைத்துப்போன பிறகுதான் கூடத்தின் நிஜமான பேச்சு வெளியே வரும். யாராவது மெதுவாகக் குத்தினால் "பொம்பள மாதிரி அடிக்காத" என்று கோச் கத்துகிறாரா? "ஒம்போது" என்று ஒருவன் சொல்ல மற்றவர்கள் சிரிக்க, கோச் காதில் விழாததுபோல் இருக்கிறாரா? ஜியு-ஜிட்ஸு கூடத்தில் ஆணும் ஆணும் கட்டிப் புரள்வதை வைத்து இரட்டை அர்த்தக் கிண்டல் சகஜமாக ஓடுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் சுவரில் எத்தனை பதக்கம் தொங்கினாலும் அந்த இடம் வேண்டாம்.

ஜோடி சேர்ப்பதைக் கவனியுங்கள். நல்ல கோச் எடையையும் அனுபவத்தையும் பார்த்து அவரே ஜோடி போடுவார். மற்ற இடங்களில் "ஆளுக்கு ஒருத்தரைப் பிடிச்சுக்கங்க" என்பார்கள், புது ஆள் தனியாக நிற்பார். பிடியில் சிக்கியவர் விடச் சொல்லிக் கையால் தட்டினால் பிடித்தவர் அந்த நொடியே விடவேண்டும். அரை நொடி கூடுதலாகப் பிடித்துச் சிரிப்பவரைக் கோச் கண்டிக்கவில்லையென்றால், நாளைக்கு உங்கள் "வேண்டாம்" என்ற சொல்லுக்கும் அதே மதிப்புதான். இருபது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் தொடர்ந்து வருகிறார்களா என்றும் பாருங்கள். பெண்கள் நிலைத்திருக்கும் கூடத்தில் தொடுவதற்கு ஒரு ஒழுங்கு ஏற்கெனவே இருக்கும்.

பிறகு கோச்சிடம் தனியாக ஒரு கேள்வி: "யாராவது ஒருத்தரைக் கிண்டல் பண்ணா என்ன பண்ணுவீங்க?" "இங்க எல்லாரும் ஒண்ணுதானுங்க" என்பது நல்ல வார்த்தை, ஆனால் பதில் இல்லை. "அன்னைக்கு வகுப்பை விட்டு வெளிய உட்கார வெச்சிருவேன், ரெண்டாவது தடவை பீஸைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிருவேன்" என்பது பதில்.

திருநம்பி என்று கோச்சிடம் சொல்லியே ஆகவேண்டும் என்றில்லை. பாதுகாப்புக்குத் தேவையானதை மட்டும் சொன்னால் போதும்: "மார்புல அழுத்தம் கூடாதுங்க, ஜோடி நீங்களே பார்த்துப் போடுங்க." தன்பாலீர்ப்பாளர்களுக்கு இதுகூடத் தேவையில்லை, சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம். மார்பு அறுவை சிகிச்சை முடித்திருந்தால் மட்டும், அடிபடும் பயிற்சிக்கு அறுவை மருத்துவர் எழுத்தில் அனுமதி தரும்வரை காத்திருங்கள்.

உடையில் பெரிய தவறு ஒன்று நடக்கிறது: பைண்டரோடு (மார்பைத் தட்டையாகக் காட்டும் இறுக்கமான உள்ளாடை) பயிற்சிக்குப் போவது. மார்புக்கூடு விரிய இடமில்லாததால் மூன்றாவது ரவுண்டிலேயே மூச்சு முட்டி, தலை சுற்றும். அதன் மேல் ஆள் ஏறினால் விலா எலும்புக்கு ஆபத்து. கிரேப் பேண்டேஜ் சுற்றுவது அதைவிட மோசம், மூச்சு விடவிட இறுகும். ஒரு அளவான ஸ்போர்ட்ஸ் பிரா, அதன் மேல் அடர்நிற ரேஷ்கார்டு (உடம்போடு ஒட்டும் பயிற்சிச் சட்டை), அதற்கும் மேல் தொளதொள டி-ஷர்ட் போதும். துணியைப் பற்றி திருப்பூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை: பாலியஸ்டரில் லைக்ரா கலந்தது, 200 முதல் 250 ஜிஎஸ்எம் கனம், உரசாத ஃபிளாட்லாக் தையல். தெரிந்த சாம்பிள் டெய்லரிடம் உங்கள் அளவுக்கே தைத்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு போய், மேலே ஒரு சட்டையோடு திரும்புங்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். மொட்டைமாடித் தகரக் கொட்டகைக் கூடங்களில் அது பெரும்பாலும் இருக்காது.

சேர்க்கைப் படிவத்தோடு ஆதார் நகல் கேட்கலாம். அதில் பழைய பெயர் என்றால், நகலைக் கோச்சிடமே நேராகக் கொடுத்து, வருகைப் பதிவிலும் வாட்ஸப் குழுவிலும் அழைக்கும் பெயரைப் போடச் சொல்லுங்கள். பெல்ட் தேர்வு உள்ள கலைகளில் சான்றிதழ் அச்சாகும் பெயரை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ரீல்ஸ் இன்னொரு வலை: இப்போது பாதிக் கூடங்கள் வாரம் ஒன்றாவது போடுகின்றன. "என் முகம் வரக்கூடாதுங்க" என்பதைச் சேரும் நாளே வாட்ஸப்பில் எழுதிவிடுங்கள், வாய்ப்பேச்சு நிற்காது.

திருநர் என்பதற்காகப் பொதுமக்களுக்கான சேவையை மறுப்பதை 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு தடுக்கிறது. தன்பாலீர்ப்பு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் சொல்லிவிட்டது. ஆனால் தனியார் கூடம் மறுத்தால் கேட்க தன்பாலீர்ப்பாளர்களுக்கு இதுபோல் தனிச் சட்டம் இல்லை. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுபவர் போட்டிக்குப் போவதென்றால் மருத்துவ விலக்கு வாங்க வேண்டும், அது தடை செய்யப்பட்ட மருந்துப் பட்டியலில் உள்ளது. பயிற்சிக்கு மட்டும் போவதற்கு இந்தக் கவலை வேண்டாம்.

பணத்தை மாதாமாதம் கட்டுங்கள். வருடக் கட்டணத்தில் தள்ளுபடி என்று இழுப்பார்கள். பிடிக்காமல் போனால் அந்தக் காசுக்காகவே சகித்துக்கொண்டு போவீர்கள். முதல் மாதத்துக்கு 180 அங்குலக் கைப்பட்டி ஒரு ஜோடி போதும். கூடத்தின் பொதுக் கையுறை நாறும், கைப்பட்டி சுற்றிக்கொண்டு போட்டால் பரவாயில்லை. மேட் விரிப்பில் புரள்வதென்றால் நகம் வெட்டுங்கள், வீட்டுக்குப் போனவுடன் சோப்புப் போட்டுக் குளியுங்கள். படர்தாமரை இப்படித்தான் ஒட்டும். இரண்டாவது மாதமும் போகத் தோன்றினால் 12 அவுன்ஸ் கையுறை வாங்குங்கள்.