பேர் பாட்டம் தொட்டியின் தரையில் என்ன விரிக்கலாம்? கேள்வி பதில்

கல், மணல் எதுவும் போடாமல் வெறும் கண்ணாடித் தரையோடு வைக்கும் மீன் தொட்டியைத்தான் பேர் பாட்டம் என்கிறோம். டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வைக்கிறார்கள், நானும் பல வருடமாக அப்படியே. அந்தத் தரையில் எதைப் போடலாம் என்று வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, 3 அடித் தொட்டியில் ஆறு டிஸ்கஸ் குஞ்சுகள் விட்டிருக்கிறேன். தொட்டிக்கு அடியில் வெள்ளைத் தெர்மாகோல். மீன்கள் ஒரு மூலையிலேயே ஒண்டிக்கொண்டு நிற்கின்றன. தரையில் ஏதாவது விரித்தால் சரியாகுமா?

முதலில் தண்ணீரைப் பாருங்கள் தம்பி. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா இருந்தாலும், சூடு 28 டிகிரிக்குக் கீழே போனாலும் டிஸ்கஸ் இப்படித்தான் ஒதுங்கி நிற்கும். அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் அந்த வெள்ளைத் தெர்மாகோல்தான். மேலே இருக்கும் விளக்கு வெளிச்சம் அதில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கிறது. ஆற்றில் எந்த மீனுக்கும் கீழேயிருந்து வெளிச்சம் வராது.

இதற்குத் தொட்டிக்குள் எதையும் போட வேண்டியதில்லை. கண்ணாடிக்கு வெளியே, அடிப்பக்கத்தில், நிறம் கொடுத்தால் போதும். கறுப்பு அல்லது பழுப்பு ஸ்டிக்கர் ஷீட்டை ஒட்டலாம், இல்லையென்றால் மெல்லிய அக்ரிலிக் ஷீட்டைக் கண்ணாடிக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே வைக்கலாம். உள்ளே வெறும் கண்ணாடிதான், துடைத்தால் சுத்தம். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் தண்ணீரை முழுதும் இறக்கிய பிறகுதான் தொட்டியைத் தூக்க வேண்டும். 90×45×45 செ.மீ. தொட்டியில் சுமார் 180 லிட்டர் தண்ணீர் நிற்கும், அதாவது 180 கிலோ.

உங்களுடையது பிஜன் பிளட் வகையாக இருந்தால் கறுப்பு வேண்டாம். இருண்ட தரையில் அதன் உடம்பில் மிளகு தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் ஏறிவிடும். வெளிர் நீலமோ மணல் நிறமோ போடுங்கள்.

சார், வீடு கட்டியபோது மிஞ்சிய கடப்பா கல் இருக்கிறது. நல்ல கறுப்பு, தொட்டிக்குள் பொருத்தமாக இருக்கும். போடலாமா?

வேண்டாம் சார். பார்வைக்கு ஸ்லேட் மாதிரி இருந்தாலும் கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை. தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கடினத்தன்மையையும் பி.எச்.சையும் ஏற்றும். மார்பிளும் அப்படியே. எந்தக் கல்லானாலும் ஆணியால் சுரண்டி, அந்தப் பொடி மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பாருங்கள். நுரைத்தால் தொட்டிக்கு ஆகாது. மலாவி, டங்கனிக்கா போன்ற ஆப்பிரிக்க ஏரிகளின் சிக்லிட் மீன்கள் வளர்த்தால் மட்டும் பரவாயில்லை, அவற்றுக்குக் கடின நீர்தான் பிடிக்கும்.

கிரானைட்டில் இந்தப் பிரச்சினை கிடையாது, எடைதான் பிரச்சினை. 18 மி.மீ. கிரானைட்டை 3 அடிக்கு ஒன்றரை அடித் தரை முழுக்கப் போட்டால் ஏறக்குறைய 20 கிலோ வரும். விட்ரிஃபைடு டைல்ஸ் இலேசானது, தண்ணீரோடு எந்த வினையும் புரியாது. பளபளப்பில்லாத மேட் வகையாக வாங்குங்கள். டைல்ஸுக்கு நடுவே வெள்ளை சிமெண்ட் மட்டும் பூசாதீர்கள், அது பி.எச்.சைத் தூக்கிவிடும்.

டைல்ஸை ஒட்ட வேண்டுமா, சும்மா வைத்தால் போதாதா?

இதில் நான் பட்டது கொஞ்சம் அதிகம், அதனால் விவரமாகவே சொல்கிறேன். ஆரம்பத்தில் நாலு மூலையில் மட்டும் சிலிக்கான் வைத்து டைல்ஸ் ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து மீன்கள் தீனியைத் தொடவில்லை, மூச்சு வேகமாக வாங்கின. டைல்ஸைப் பெயர்த்தபோது அடியில் கறுப்பாக ஒரு சேறு, அழுகிய முட்டை நாற்றம். மாட்டு இதயத் தீனியின் துணுக்குகள் இடுக்கு வழியாகப் போய், காற்றோட்டமில்லாமல் அழுகியிருந்தன. மூன்று மீன்களை இழந்தேன். இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

அதனால் இரண்டில் ஒன்று செய்யுங்கள். ஒட்டுவதானால் நாலு ஓரமும், டைல்ஸ் சேருமிடமும், ஊசி நுழைய இடமில்லாமல் சிலிக்கான் அடைக்க வேண்டும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை சிலிக்கான் கூடாது, நூறு சதவீதச் சுத்தமான சிலிக்கான் வாங்குங்கள். புளித்த வாசம் முழுதும் போகும்வரை, குறைந்தது இரண்டு நாள் காயவிட்டு, ஒருமுறை தண்ணீர் நிரப்பிக் கொட்டுங்கள். ஒட்டாவிட்டால், கையால் தூக்கக்கூடிய சிறு துண்டுகளாக வைத்து, வாரம் ஒருமுறை தூக்கி அடியில் உறிஞ்சி எடுங்கள். பாதி ஒட்டியதும் பாதி ஒட்டாததும்தான் மீனைக் கொல்லும்.

அக்ரிலிக் ஷீட்டைத் தொட்டிக்கு உள்ளே போடுவதும் இதே காரணத்தால் எனக்குப் பிடிக்காது. அது தண்ணீரை இழுத்துக்கொண்டு நாளடைவில் வளையும். சிலிக்கானும் அதில் சரியாகப் பிடிக்காது.

பச்சைப் புல் மாதிரி பிளாஸ்டிக் விரிப்பு கடையில் கிடைக்கிறதே?

அழுக்கைப் பிடித்து வைப்பதற்கு அதைவிட வசதியான பொருள் கிடையாது. வாங்காதீர்கள்.

அக்கா வீட்டுக் கோரிடோராஸ் மீன்களை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். என்னுடையது பேர் பாட்டம். சமாளிக்குமா?

உயிரோடு இருக்கும், ஆனால் பாவம். மண்ணைக் கிளறி, வாயால் எடுத்துச் செவுள் வழியே விடுவதுதான் அதற்கு வாழ்க்கையே. ஒரு மூலையில் அகலமான, தாழ்ந்த கண்ணாடித் தட்டு வைத்து, அதில் 2 செ.மீ. நைசான மணல் போடுங்கள். தட்டை அப்படியே எடுத்து அலசி வைக்கலாம், மற்ற தரை வெறுமையாகவே இருக்கும். நன்றாகக் கழுவிய நைஸ் ஆற்று மணல் போதும். எம்-சாண்ட் உடைத்த கல், ஓரமெல்லாம் கூர், கோரிடோராஸின் மீசை தேய்ந்துவிடும். கடற்கரை மணலில் சிப்பித் தூள் இருக்கும், அதுவும் சுண்ணாம்புதான்.

கோல்டுஃபிஷ்ஷுக்கு அடியில் கூழாங்கல் போட்டிருக்கிறேன். ஒன்று கல்லை வாயில் வைத்துக்கொண்டு திணறியது. எல்லாவற்றையும் இன்றே எடுத்துவிடட்டுமா?

வாயளவு கல் தொண்டையில் சிக்குவது கோல்டுஃபிஷ்ஷுக்கு அடிக்கடி நடக்கிற ஒன்று, எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே நாளில் வேண்டாம். அம்மோனியாவை மாற்றிக் கொடுக்கும் பாக்டீரியாவில் ஒரு பங்கு அந்தக் கற்களின் மேல்தான் ஒட்டியிருக்கிறது. சிக்கும் அளவிலுள்ள கற்களை முதலில் பொறுக்குங்கள். மீதியை வாரம் கால்பங்காக எடுங்கள், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் கூடுதலாகப் போடுங்கள். அந்த ஒரு மாதம் தீனியைக் குறைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள்.

மாமா, நான் ஒன்பதாம் வகுப்பு. ஜீப்ரா டேனியோ முட்டை போட்டதும் தானே தின்றுவிடுகிறது. வெறும் தரையில் என்ன செய்வது?

கோலிக்குண்டு இருக்கிறதா கண்ணா? நன்றாகக் கழுவி, தரை தெரியாமல் இரண்டு அடுக்காகப் பரப்பு. மேலே அரை அடித் தண்ணீர் போதும். சாயங்காலம் மீன்களை விடு. பெரும்பாலும் விடியற்காலையில், வெளிச்சம் பட்டதும் முட்டை போடும். முட்டைகள் குண்டுகளின் இடுக்கில் இறங்கிவிடும், பெரிய மீன்களால் எட்ட முடியாது. முட்டை போட்டு முடிந்ததும் பெரியவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிடு. இரண்டு மூன்று நாளில் குஞ்சு பொரிக்கும், கண்ணாடியில் ஊசி முனை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், டார்ச் அடித்துப் பார்.