வன விலங்குகள்: கேளுங்கள், சொல்கிறேன்

(ஆனைமலைப் பகுதியில் பணியாற்றி ஓய்வுபெற்ற வனவர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கும் பகுதி.)

வால்பாறையில் ஓர் எஸ்டேட் பள்ளிக்கு ஆசிரியையாக மாற்றலாகி வந்திருக்கிறேன். சில நாட்களில் மாலையிலேயே கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கப் பயமாக இருக்கிறது. யானைகளை ஒரேயடியாகக் காட்டுக்குள் துரத்திவிட முடியாதா ஐயா?

அம்மா, அந்த விளக்கைப் பார்த்து நீங்கள் பயப்படுவது சரிதான். ஆனால் அதை நிந்திக்காதீர்கள். பக்கத்தில் எங்கோ யானை நிற்கிறது என்று அது சொல்கிறது. அதை எரியவிடுவது வேறு யாருமில்லை, உங்கள் எஸ்டேட்டில் பொறுப்பேற்றுக்கொண்ட ஆட்களே கைபேசியிலிருந்து அழைத்து எரியவிடுகிறார்கள். முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் மாலை நேரத்தில் யானை நிற்கும் இடம் எழுத்தாக ஓடியது. 2011 முதல் குறுஞ்செய்தி வந்தது. படிக்கத் தெரியாத தொழிலாளர்களுக்காகக் குரல் அழைப்பும் சேர்ந்தது. இதை முன்னின்று செய்த யானை ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015இல் வன உயிர்ப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. விருதை விடுங்கள். வால்பாறையில் யானை அடித்து இறந்தவர்களில் பெரும்பாலோர், அது அங்கே நிற்பது தெரியாமல் எதிரே போய் நின்றவர்கள். அதனால்தான் வேலியையும் வெடியையும்விட முதலில் தகவலுக்கு ஏற்பாடு செய்தார்கள். சரியான முடிவு என்றே இன்றும் சொல்வேன்.

துரத்துவதைக் கேட்டீர்கள். எங்கே துரத்துவது? வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். 1890களில் தொடங்கிக் காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் போட்டார்கள். சுற்றிலும் இன்னும் காடுதான். இந்தப் பக்கம் ஆனைமலை புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பரம்பிக்குளமும் வாழச்சாலும். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் யானைக்கு உங்கள் எஸ்டேட் நடுவழி. தேயிலையை அது தின்பதில்லை. பகலில் துண்டுச் சோலையிலோ நடு ஆறு என்ற ஆற்றின் கரைப் புதரிலோ ஒதுங்கி நிற்கும். இருட்டியதும் தேயிலைக்குள் இறங்கி நடக்கும். வழியில் ரேஷன் கடையிலோ சத்துணவுக் கூடத்திலோ அரிசி, பருப்பு, உப்பு வாசம் வந்தால் சுவரைத் தள்ளும். அந்தச் சரக்கை எங்கே, எப்படி வைப்பது என்று உங்கள் பள்ளியில் பேசுங்கள், அது உங்கள் கையில் இருக்கிறது.

பட்டாசு கொளுத்தித் தகரத்தைத் தட்டி ஓட்டினால் கூட்டம் பக்கத்து எஸ்டேட்டுக்கு ஓடும். அங்கே இருப்பவர்களுக்கு அது வருவதே தெரியாது. குட்டியோடு மிரண்டு ஓடும் பெண் யானையின் பாதையில் அங்கே யாராவது டார்ச் கூட இல்லாமல் நடந்துகொண்டிருப்பார். துரத்தியவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இது எனக்கு எப்போதும் கோபம் வரவழைக்கும் விஷயம்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உங்கள் கைபேசி எண்ணை எச்சரிக்கைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். விளக்கு எரிந்தால் நிழற்குடையிலேயே இருந்து நாலு பேர் சேர்ந்த பிறகு, அல்லது வண்டி வந்த பிறகு போங்கள். காதில் பாட்டு வேண்டாம். கிளை முறியும் சத்தத்தையும் ஈரம் காயாத சாணத்தையும் கவனியுங்கள். தொலைவில் பார்த்துவிட்டால் சத்தமில்லாமல் வந்த வழியே பின்வாங்குங்கள். ஓட்டத்தில் அதை ஜெயிக்க முடியாது.

கோவை தடாகம் பக்கம் எங்கள் தோட்டம். ஒற்றைக் கொம்பன் யானை ஒன்று தொல்லை கொடுக்கிறது. மயக்க ஊசி போட்டு வேறு காட்டில் விட்டால் என்ன?

தடாகத்துக்காரர் நீங்களே இதைக் கேட்கலாமா? சின்னத்தம்பி யானையை மறந்துவிட்டீர்களா! 2019 ஜனவரியில் உங்கள் பக்கத்தில்தான் பிடித்தார்கள், டாப்ஸ்லிப் அருகே வரகளியாறு காட்டில் விட்டார்கள். சில நாட்களுக்குள் காட்டைவிட்டு இறங்கி, உடுமலை வட்டாரத்துக் கரும்புக் காட்டில் வந்து நின்றான். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து மரக்கூண்டில் அடைத்தார்கள். காட்டில் திரிந்தவன் கும்கியாகிவிட்டான். 2023இல் மூணாறு அருகே சின்னக்கானலில் பிடித்த அரிக்கொம்பனைப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்தில் கம்பம் நகரத் தெருவில் நின்றது. மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனார்கள்.

இலங்கையிலும் இப்படி இடம் மாற்றிய ஆண் யானைகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டி ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். சில திரும்பிவந்தன, சில அலைந்தன, சில மட்டும் புதிய இடத்தில் தங்கின. பிரச்சினையைப் புதிய ஊருக்கு ஏற்றுமதி செய்வதாகவே இது முடிகிறது என்று 2012இல் எழுதினார்கள். நான் பார்த்ததும் அதுதான். உங்கள் கொம்பன் எந்த மாதம், எந்த வழியாக வருகிறது, எந்தப் பயிருக்கு வருகிறது என்று முதலில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர்களையும் எழுதச் சொல்லுங்கள். வனத்துறைக்கு மனுவோடு அந்த நோட்டையும் கொண்டுபோனால் பேச்சே வேறாக இருக்கும். ராத்திரி காவலுக்கு ஆள் எங்கே தேவை என்பதும் அதில் தெரியும்.

தருமபுரி மாவட்ட விவசாயி நான். மின்வேலி போட்டால் யானை செத்துவிடுமா? சட்டப்படி தப்பா?

சோலார் வேலி என்பது பேட்டரியிலிருந்து விட்டுவிட்டு ஒரு நொடியில் சிறு பகுதி நேரம் மட்டும் அடிக்கும் மின்துடிப்பு. அதிரும், ஒதுங்கும், சாகாது. மின்வாரியக் கம்பியிலிருந்து கொக்கி போட்டு நேரடியாகக் கொடுப்பது கொலை. உங்கள் மாவட்டத்தில் மாரண்டஹள்ளி அருகே 2023 மார்ச்சில் அப்படிப்பட்ட வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன, கூட வந்த இரண்டு குட்டிகள் பிழைத்து நின்றன. யானை மட்டுமா? ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதர்களும் சாகிறார்கள். 2023 முதல் தமிழ்நாட்டில் மின்வேலிக்குப் பதிவு விதிகள் இருக்கின்றன. போடுவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

போட்டதோடு வேலை முடியாது. கம்பியில் புல் படர்ந்தால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதைக் கொம்பன்கள் கற்றுக்கொள்கின்றன, தந்தத்தால் கம்பியை அழுத்திக் கம்பத்தைச் சாய்த்துவிடும். வாரம் ஒருமுறை வேலியோடு நடந்து பார்க்க மனமில்லாதவர் வேலி போட வேண்டாம்.

வால்பாறை அருகே புதுத்தோட்டம் வழியாகப் போகும்போது சிங்கவால் குரங்குகளுக்குப் பிஸ்கட் கொடுக்கலாமா? குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள்.

கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, மரத்தின் மேலேயே வாழ வேண்டிய விலங்கு அது. அங்கே சாலைக்கு மேல் மரத்துக்கு மரம் தொங்கும் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். தீயணைப்புக் குழாயில் செய்த பாலங்கள், வண்டியில் அடிபடாமல் கடப்பதற்காக. நீங்கள் பிஸ்கட்டை நீட்டினால் அது பாலத்தை விட்டுத் தாருக்கு இறங்கும். வண்டியை நிறுத்தாமல், மெதுவாக ஓட்டிப் போங்கள். பிஸ்கட்டைக் குழந்தைகளே தின்னட்டும்.