டாக்டர் சீட்டு இல்லாமல் பார்சலில் வரும் தைராய்டு மாத்திரை: வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. எட்டு வருடமாகத் தைராக்சின் 100 போடுகிறேன். டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை) ஒவ்வொரு தடவையும் நார்மல் என்றுதான் வருகிறது. ஆனால் சடவு போகவே இல்லை. மத்தியானம் ஆனால் எங்கேயாவது படுத்தால் போதும் என்று இருக்கிறது. தலைமுடியும் கொத்துக் கொத்தாக வருகிறது. டாக்டரிடம் சொன்னால், "ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு" என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மகள், விலங்குத் தைராய்டில் செய்த 'இயற்கை' மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். தாய்லாந்திலிருந்து அனுப்புகிறார்களாம். சீட்டு வேண்டாம், பணத்தை முதலில் கட்டினால் போதுமாம். வாங்கலாமா?
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: பணம் கட்டாதீர்கள், சகோதரி. ஆனால் உங்கள் சடவு நிஜம். டி.எஸ்.எச். சரியாக இருந்தும் உடம்பு தேறாதவர்கள் உண்டு என்பதை ஹார்மோன் மருத்துவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். "ரிப்போர்ட் நல்லா இருக்கு" என்பதோடு பேச்சை முடித்தது சரியில்லை.

வெளிநாட்டு நோயாளிகள் சொந்தமாக மருந்து தேடப் போனதற்குக் காரணம் இருக்கிறது. டி3 (T3) என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோன் மாத்திரை இங்கிலாந்தில் ஒரு பாக்கெட் 2009இல் சுமார் 20 பவுண்டு. 2017இல் அதுவே 248 பவுண்டு ஆனது. அதற்காக 2021இல் அந்த நாட்டின் போட்டி ஆணையம் சம்பந்தப்பட்டவர்களுக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் போட்டது. விலை ஏறியதும் அரசு மருத்துவத்தில் அதை எழுதித் தரத் தயங்கினார்கள். வேறு வழியில்லாமல் பலர் வெளிநாட்டுக் கடைகளைத் தேடினார்கள். நீங்கள் போடும் தைராக்சினுக்கு இங்கே அந்த நெருக்கடி இல்லை. தைராக்சின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, அரசு விலை உச்சவரம்பு வைத்திருக்கிறது. மாத்திரை ஒன்றிரண்டு ரூபாய்தான், மக்கள் மருந்தகத்தில் அதைவிடவும் குறைவு.

அந்த 'இயற்கை' மாத்திரை பன்றியின் தைராய்டு சுரப்பியை உலர்த்திப் பொடித்துச் செய்வது. விலங்குச் சுரப்பி வைத்தியம் புதிதல்ல. 1891இல் ஜார்ஜ் மரே என்ற ஆங்கில மருத்துவர் ஆட்டுத் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டு ஒரு பெண்ணைத் தேற்றினார். பிற்பாடு செயற்கைத் தைராக்சின் அந்த இடத்தைப் பிடித்ததற்கு முக்கியக் காரணம், ஒவ்வொரு மாத்திரையிலும் அளவு ஒன்றுபோல இருக்கும் என்பதுதான். பன்றி மாத்திரை ஒரு 'கிரெய்ன்', அதாவது சுமார் 60 மில்லிகிராம், என்றால் அதில் டி4 (T4, அதாவது தைராக்சின்) 38 மைக்ரோகிராம், டி3 9 மைக்ரோகிராம். கிட்டத்தட்ட நாலுக்கு ஒன்று. மனிதச் சுரப்பி தருவதோ ஏறக்குறைய பதினாலுக்கு ஒன்று. விழுங்கிய சில மணி நேரத்தில் டி3 ரத்தத்தில் சட்டென்று ஏறும், நெஞ்சு படபடக்கும். அளவு மிஞ்சியே போய்க்கொண்டிருந்தால் இதயத் துடிப்பு தாளம் தப்பும், எலும்பும் தேயும். மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் எலும்பு விஷயத்தில் அசட்டையாக இருக்கக் கூடாது.

அமெரிக்காவில் இந்த மாத்திரை சீட்டுக்குத்தான் விற்கிறது. ஆனாலும் மருந்து ஆணையத்தின் முறையான ஒப்புதல் அதற்குக் கிடைத்ததில்லை. அங்கே ஒரு கம்பெனி 2020இல் மருந்து அளவு கூடிப்போனது என்று சில பேட்ச்களைத் திரும்பப் பெற்றது, 2021இல் அளவு குறைந்துபோனது என்று வேறு சில பேட்ச்களை. நம் நாட்டிலும் 2023இல் பிரபலமான தைராக்சின் ஒன்றில் லேபிள் அளவு மாறிப்போய், ஒரு பேட்ச் திரும்பப் பெறப்பட்டது. தவறு எங்கும் நடக்கும். மெடிக்கலில் பில் போட்டு வாங்கியிருந்தால் பேட்ச் நம்பர் உங்கள் கையில் இருக்கும், செய்தி வந்தால் டப்பாவைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். பேர் தெரியாத தளம் அனுப்பிய பார்சலில் அப்படித் தவறு நேர்ந்தால் உங்களுக்குத் தகவல் சொல்ல யாருமில்லை. நான் வேண்டாம் என்பதற்கு முதல் காரணமே இதுதான்.

சட்டமும் சாதகமாக இல்லை. இங்கே அனுமதி இல்லாத மருந்தைச் சொந்த உபயோகத்துக்குத் தபாலில் வரவழைக்க, டாக்டர் சீட்டோடு 12-ஏ படிவத்தில் விண்ணப்பித்து 12-பி அனுமதி வாங்க வேண்டும். அண்ணன் மகள் ஊருக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவரட்டும் என்றால், அனுமதி வாங்காமல் கொண்டுவரும் சலுகை பயணி தனக்கென்று கொண்டுவருவதற்கு மட்டும்தான்.

சரி, சடவுக்கு என்ன செய்வது? மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்தே காபி. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் நாலு மணி நேர இடைவெளி. டப்பா அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறதா? நம்மூர் சித்திரை வெயிலும் அடுப்புச் சூடும் சேர்ந்தால் மாத்திரையின் வீரியம் குறையும். வெளிச்சமும் ஈரமும் ஆகாது. அது வந்த டப்பாவிலேயே மூடி வையுங்கள், எவர்சில்வர் சம்படத்துக்கு மாற்றாதீர்கள்.

முடிக்கென்று பயோட்டின் மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா? பல லேப் பரிசோதனைகளில் பயோட்டின் குறுக்கிட்டு டி.எஸ்.எச்.சைக் குறைத்துக் காட்டும். அதாவது உங்கள் 'நார்மல்' உண்மையிலேயே நார்மலா என்பதே சந்தேகமாகிவிடும். ரத்தம் கொடுக்குமுன் இரண்டு நாளாவது அதை நிறுத்துங்கள்.

பிறகு ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பு, பி12, டி வைட்டமின் பார்க்கச் சொல்லுங்கள். சடவுக்கும் முடி உதிர்வதற்கும் இவையும் காரணமாகலாம். எல்லாம் சரியாக இருந்தும் உடம்பு தேறவில்லையென்றால், ஒரு ஹார்மோன் மருத்துவரிடம், "தைராக்சினோடு கொஞ்சம் டி3 சேர்த்துச் சில மாதம் பார்க்கலாமா?" என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பது தப்பே இல்லை. எந்த மாற்றம் செய்தாலும் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே ரத்தப் பரிசோதனை.

கேள்வி: என் மனைவி நெட்டில் வாங்கிய 'நேச்சுரல் தைராய்டு' மாத்திரையை மூன்று வாரமாகச் சாப்பிடுகிறாள். பழைய தைராக்சினை நிறுத்திவிட்டாள். குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். இது எந்த மிருகத்தில் செய்தது, பணம் திரும்பக் கிடைக்குமா?
- வாசகர், மேலப்பாளையம்

பதில்: டப்பாவில் 'போர்சைன்' என்று இருந்தால் பன்றி, 'போவைன்' என்றால் மாடு. இரண்டும் இல்லையென்றால், மறைத்து விற்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது மார்க்க சம்பந்தமான கேள்வியும்கூட, வாங்குமுன் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு இருந்தது.

பணத்தைவிட அவசரம் வேறு. கருவின் மூளை வளர்ச்சிக்குத் தொடக்க மாதங்களில் தாயின் டி4 தேவை. டி3 மிகுந்த இந்த மாத்திரையைக் கர்ப்பத்துக்குப் பரிந்துரைப்பதில்லை. நாளைக்கே டப்பாவோடு மனைவியை அழைத்துக்கொண்டு போய் டாக்டரைப் பாருங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யும் பக்கம்தான். கர்ப்பப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். எந்த அளவில் தைராக்சினுக்குத் திரும்புவது என்பதை டாக்டர் சொல்லட்டும். எந்த மாத்திரையும் இல்லாமல் நாள் கடத்த வேண்டாம்.

விற்றவர் இந்தியாவில் இருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் திருநெல்வேலி அலுவலகத்துக்கும் எழுதுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் நம் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. பணம் கொடுத்த ரசீது, விளம்பரப் படம், மீதி மாத்திரை எதையும் தூக்கிப் போடாதீர்கள். வெளிநாட்டுத் தளம் என்றால் பணம் திரும்புவது அரிது. ஏமாற்று என்று தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930இல் சொல்லுங்கள்.

கேள்வி: 48 நாளில் தைராய்டு குணமாகும், மாத்திரையே வேண்டாம் என்று ஒரு மூலிகைப் பொடி வாட்ஸ்அப்பில் வருகிறது. நம்பலாமா?
- வாசகர், திருநெல்வேலி டவுன்

பதில்: கூடாது. 1954ஆம் வருடத்து மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் முன்கழுத்துக் கழலையும் (தைராய்டு வீக்கம்) இருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். அமெரிக்காவில் 'தைராய்டு சப்போர்ட்' என்று விற்ற பொருட்களைச் சோதித்தபோது, லேபிளில் சொல்லாத தைராய்டு ஹார்மோன் பலவற்றில் இருந்தது. அதனால் 'சாப்பிட்டதும் தெம்பு வந்தது' என்று யாராவது சொன்னாலும் ஏமாறாதீர்கள். சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஓ.பி.க்குப் போங்கள், போடுகிற தைராக்சினையும் அவர்களிடம் சொல்லுங்கள். பொடி பாக்கெட்டில் தயாரிப்பு உரிம எண்ணும் முகவரியும் இல்லையென்றால் பிரிக்கவே வேண்டாம்.