ஆட்டை இடுக்கி நிற்பது

அன்புள்ள சாருக்கு,

வயது 37, கணக்குத் தணிக்கை வேலை. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மொட்டைமாடியில் குங்ஃபூ வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். விங் சுன் என்ற வகையாம். மாதம் 1,500 ரூபாய். ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் சலுகை, மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் என்கிறார்கள். ‘காஞ்சியிலிருந்து போதிதர்மர் கொண்டுபோன நம் கலை’ என்று பேனர் வேறு. சிங்கப்பூரில் இருந்தபோது நீங்கள் சில வருடம் பழகியதாக எழுதியிருந்தீர்கள். இந்த வயதில் தொடங்கலாமா? மாடிப்படி இறங்கினால் இடது முழங்கால் கொஞ்சம் வலிக்கும். மனைவி சிரிக்கிறாள். சிலம்பம் கற்றுக்கொள்ளேன் என்கிறார் அப்பா.

ர., மேடவாக்கம்

அன்புள்ள ர.,

தொடங்கலாம். நான் போனபோது எனக்கு 41. என் வீட்டிலும் சிரித்தார்கள்.

எங்கள் புளோக்குக்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில் வாரம் இரண்டு நாள் மாலை வகுப்பு. முதல் நாளே குத்து, உதை என்று ஏதாவது சொல்லித்தருவார்கள் என நினைத்துப் போனேன். நிற்கச் சொன்னார்கள். வகுப்பு முடியும்வரை நின்றேன். அந்த நிலைக்குக் கான்டனீஸில் நீளமான ஒரு பெயர். ஆட்டை இடுக்கிப் பிடிக்கும் நிலை என்று பொருள் வரும். கால்விரல்கள் உள்நோக்கித் திரும்பியிருக்க, முழங்காலை லேசாக மடக்கி, நடுவில் ஓர் ஆடு திமிறுவதாக நினைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஊரில் ஆட்டுக்கு மருந்து புகட்டுகிறவர்களைப் பார்த்திருந்தால் உங்களுக்கு உடனே பிடிபடும்.

முதல் பாடமான சியூ நிம் தாவ் அப்படி நின்றபடியே செய்வது. ‘சிறு எண்ணம்’ என்று அர்த்தம். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓர் அடிகூட எடுத்து வைப்பதில்லை. அதன் முதல் பகுதியில் கை நெஞ்சுக்கு நேராக முன்னே போய்த் திரும்பிவரும். திரும்பத் திரும்ப அதையே செய்வதால், புத்தரை மூன்று முறை கும்பிடுவது என்று அதற்குப் பெயர். எங்கள் ஆசிரியருக்குக் கை ஒரு சாண் நகர ஒரு நிமிடம் ஆகும். நாம் செய்தால் முழங்கை வெளியே விலகப் பார்க்கும். அவர் பின்னால் வந்து ஒற்றை விரலால் அதை உள்ளே தள்ளிவிட்டுப் போய்விடுவார், வாயே திறக்கமாட்டார். ஒரு மாலையில் பத்துப் பன்னிரண்டு முறையாவது அந்த விரல் வரும். எனக்கு எரிச்சலாக இருந்தது. எட்டு மாதம் கழித்து, ஒருவர் கைமேல் ஒருவர் கை வைத்துப் பழகும் ‘ஒட்டும் கை’ பயிற்சியில், எதிரே நின்ற வாட்டசாட்டமான பையன் அழுத்தித் தள்ளினான். என் முழங்கை தானாகவே அந்த விரல் தள்ளிய இடத்தில் இருந்தது. அவன் கை வழுக்கி வெளியே போயிற்று. நான் எதுவுமே செய்யவில்லை.

இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் மூன்று வாரம் போயிருக்கிறேன், பெயர் வேண்டாம். அங்கே வந்த அன்றே ஐம்பது தவளைத் தாவல். முழங்கால் வீங்கி ஆறு வாரம் நொண்டினேன். ‘வலித்தால்தான் ஏறும்’ என்றார் மாஸ்டர். அதனால்தான் உங்கள் இடது முழங்காலைப் பற்றிச் சொல்கிறேன்: விரல்களை உள்ளே திருப்பும் இந்த நிலையில் திருப்பம் இடுப்பிலிருந்து வர வேண்டும். பாதத்தை மட்டும் முறுக்கினால் பாரமெல்லாம் முழங்காலில் இறங்கும். எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போங்கள். வலி இருப்பதை வகுப்பில் முதல் நாளே சொல்லுங்கள். அதைக் கேட்டதும் மாஸ்டரின் முகம் எப்படிப் போகிறது என்றும் பாருங்கள்.

பெல்ட்டைப் பொருட்படுத்தாதீர்கள். அது ஜப்பானிய ஜூடோவிலிருந்து மற்ற கலைகளுக்குப் பரவிய வழக்கம். ‘குங்ஃபூ’ என்ற சொல்லுக்கே உழைத்துக் காலம் செலவழித்துப் பெற்ற தேர்ச்சி என்றுதான் பொருள், சண்டை என்றல்ல. பொறுமையாகத் தேநீர் தயாரிக்கும் முறை ஒன்றுக்கும் சீனர்கள் அதே பெயரை வைத்திருக்கிறார்கள். கான்டனீஸில் கைத்தொழில் தெரிந்த எவரையும் ‘சிஃபு’ என்பார்கள். நாமும் டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டெய்லர் மாஸ்டர் என்கிறோமே, அப்படித்தான்.

பேனரில் இருக்கும் போதிதர்மர் விஷயம். கி.பி. 547 வாக்கில் எழுதப்பட்ட, சீனாவின் லோயாங் நகர மடாலயங்களைப் பற்றிய நூலில்தான் அவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு கிடைக்கிறது. அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. தென்னிந்தியர் என்பது இன்னொரு பழைய குறிப்பு. இரண்டிலும் சண்டைக்கலை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. குங்ஃபூவுக்குப் பேர்போன ஷாவோலின் மடமே அவருக்காகக் கட்டியதல்ல. 495 வாக்கில் பாத்துவோ என்ற வேறொரு துறவிக்காகக் கட்டியது, அவரும் இந்தியாவிலிருந்து போனவர் என்கிறார்கள். போதிதர்மரை உடற்பயிற்சியோடு முடிச்சுப்போடும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் உடற்பயிற்சி கற்றுத்தந்தார் என்ற கதையைச் சீன வரலாற்றாசிரியர் தாங் ஹாவ் 1930களிலேயே பிரித்து மேய்ந்துவிட்டார். நீங்கள் கற்கப்போகும் விங் சுன்னோ தென் சீனத்துச் சரக்கு; அதை ஹாங்காங்கில் பரவலாகச் சொல்லிக்கொடுத்த இப் மான் 1972இல்தான் காலமானார். பேனர் போட்டவர் பொய்யர் என்று சொல்லவரவில்லை. ஊரில் எல்லோரும் நம்புவதை அவரும் நம்பியிருப்பார். ஆனால் அந்தப் பெருமைக்காகச் சேராதீர்கள், உங்கள் முழங்காலைப் பார்க்கப் போதிதர்மர் வரப்போவதில்லை.

அப்பா சொல்வதிலும் நியாயம் உண்டு. பக்கத்தில் நல்ல ஆசான் இருந்தால் சிலம்பத்துக்கே போங்கள். எந்தக் கலை என்பதைவிட யார் சொல்லிக்கொடுக்கிறார் என்பதைத்தான் நான் பார்ப்பேன். தெருவில் எவனாவது கத்தியைக் காட்டினால் உதவுமா என்றும் மனத்துக்குள் கேட்டிருப்பீர்கள். ஓடுங்கள்.

வருடக் கட்டணத்தை இப்போது கட்டவேண்டாம். ஒரு நாள் போய் ஓரமாக உட்கார்ந்து ஒரு முழு வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் திரும்பிவிடுங்கள். அனுமதித்தால், முன்வரிசையில் பறந்து உதைக்கிற பையன்களைப் பார்க்காதீர்கள், அவர்கள் எங்கே போனாலும் உதைப்பார்கள். கடைசி வரிசை மூலையில், போன வாரம் சேர்ந்து, எந்தக் கை முன்னால் என்று தெரியாமல் முழிக்கிற ஓர் ஆள் இருப்பார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் மாஸ்டர் அவரிடம் எத்தனை முறை வருகிறார், வந்து என்ன செய்கிறார் என்று பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அப்புறம், ஷூ வாங்கச் செலவு வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் பி.டி. வகுப்புக்குப் போடும் வெள்ளைக் கேன்வாஸ் போதும்.

அன்புடன்.