ஆங்கிலத்தில் வாய்க்கு வருவதை டேனிஷில் எப்படிச் சொல்வது? (கேள்வி பதில்)

கேள்வி: கோபன்ஹேகன் வந்து மூன்று வாரம் ஆகிறது. 'ஒரு காபி, ப்ளீஸ்' என்பதற்கு டேனிஷில் என்ன? ப்ளீஸ் என்ற சொல்லையே யார் வாயிலும் கேட்கவில்லை.

பதில்: கேட்டிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அதற்கு நேரான ஒற்றைச் சொல் டேனிஷில் கிடையாது. அகராதி 'வேர் ஸோ வென்லி' என்று காட்டும். காபிக் கடையில் அதைச் சொன்னால் அதட்டுகிற மாதிரி இருக்கும், வேண்டாம். 'ஏன் கஃபெ, டாக்' போதும். அதாவது 'ஒரு காபி, நன்றி'. கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டுமென்றால் 'யாய் வில் கெர்ன ஹே ஏன் கஃபெ'. நாமும் டீக்கடையில் 'தயவுசெய்து' என்றா கேட்கிறோம்? 'ஒரு டீ கொடுங்க' என்கிறோம், மரியாதை அந்த 'ங்க'விலேயே வந்துவிடுகிறது. டேனிஷில் அது 'டாக்'கிலும் 'கெர்ன'விலும் இருக்கிறது.

கேள்வி: 'யூ ஆர் வெல்கம்'?

பதில்: 'ஸெல் டாக்' அல்லது 'வெல்பெகொமெ'. சாப்பிட்டு எழும்போது 'டாக் ஃபொ மாத்' (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சொல்லாமல் எழாதீர்கள், சமைத்தவர் 'வெல்பெகொமெ' என்பார். கடைக்காரர் பொருளை நீட்டும்போது சொல்லும் 'வெர்ஸ்கோ' வேறு, அது 'இந்தாங்க'.

கேள்வி: 'ஐ திங்க்' என்று வரும் இடத்தில் எல்லாம் 'டெங்கர்' போடுகிறேன், வகுப்பில் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

பதில்: இதைத்தான் எல்லாரும் தப்பாகப் போடுகிறார்கள், கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு 'நல்லாயிருக்கு' என்றால் அது உங்கள் கருத்து, அதற்கு 'ஸூன்ஸ்'. படத்தைப் பார்க்கவே இல்லை, நன்றாக இருக்கும் என்று ஊகிக்கிறீர்கள், அதற்கு 'ட்ரோ'. நாளை மழை வரும் என்று நினைக்கிறேன், இதுவும் 'ட்ரோ'தான். மழை வருவதில் உங்கள் ரசனைக்கு வேலை இல்லையே. 'டெங்கர்' என்பது பெரும்பாலும் மனதில் ஒன்றை ஓட்டிப் பார்ப்பது, யோசிப்பது. படம் பார்க்காமலே 'ஸூன்ஸ்' போட்டால், பார்த்துவிட்டீர்கள் என்றே எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார்.

கேள்வி: பக்கத்து வீட்டு அம்மா 'இன்னும் கொஞ்சம் வேண்டாமா?' என்று கேட்டார். வேண்டும் என்ற நினைப்பில் 'யா' (ஆமாம்) என்றேன், அவர் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

பதில்: அங்கே 'யோ' சொல்லியிருக்க வேண்டும். எதிர்மறையாகக் கேட்ட கேள்வியை மறுத்து 'இல்லை, வேண்டும்' என்பதற்கென்றே இருக்கும் சொல் அது. ஆங்கிலத்தில் 'யெஸ்' ஒன்றுதான், அதனால் ஆங்கிலம் வழியாகக் கற்பவர்களுக்கு இது பிடிபட நாளாகும்.

கேள்வி: 'ஐ லைக் யூ', 'ஐ லவ் யூ'?

பதில்: முதலாவது 'யாய் கா கொட் லீ தாய்'. அந்த 'கா'வை விட்டுவிடாதீர்கள், 'லீ' தனியாக நின்றால் துன்பப்படுவது என்று பொருள். நெருங்கிய தோழியிடம் 'யாய் ஹொல்லர் அ தாய்' சொல்லலாம், அன்பு தெரியும். 'யாய் எல்ஸ்கர் தாய்' கனமானது, அவசரப்படாதீர்கள்.

கேள்வி: மழை கொட்டித் தீர்த்தால் ஆங்கிலத்தில் 'பூனையும் நாயுமாக மழை பெய்கிறது' என்பார்களே, அதற்கு?

பதில்: இங்கே பெய்வது செருப்புத் தைப்பவரிடம் வேலை பழகும் பையன்கள்! 'தே ரைனர் ஸ்கோமேயர்ட்ரெங்ங'.

கேள்வி: ஆங்கிலத்தில் இல்லாத ஏதாவது ஒன்று?

பதில்: 'டாக் ஃபொ ஸிஸ்ட்', போன தடவைக்கு நன்றி. சனிக்கிழமை ஒருவர் வீட்டில் விருந்து சாப்பிட்டீர்கள், அடுத்த வாரம் அவரைக் கடைத்தெருவில் பார்க்கிறீர்கள் என்றால் வணக்கத்தோடு சேர்த்து இதையும் சொல்லுங்கள். அவர் முகம் மலர்ந்து 'ஸெல் டாக்' என்பார்.