வீட்டு சமையலுக்கு ஜப்பான் ஸ்டைல் கத்தி வாங்கலாமா, செராமிக் கத்தி வாங்கலாமா?

ரெண்டுல ஒண்ணுதான் வாங்க முடியும்னா ஸ்டெயின்லெஸ் சன்தோகு (எல்லா வேலைக்கும் ஆகற ஜப்பான் கத்தி) ஒண்ணு எடுங்க, அலகு 165ல இருந்து 180 மில்லிமீட்டருக்குள்ள. கூடவே 1000 கிரிட் சாணைக்கல் ஒண்ணு, கிரிட்னா கல்லோட சொரசொரப்பு அளவு. தீட்டுறதுக்கு நேரமில்லை, கல்லெல்லாம் வேணாம்னா அந்தக் கத்தியையும் வாங்காதீங்க. அதோட அருமையே தீட்டினாத்தான் தெரியும்.

நான் முதல்ல வாங்கினது செராமிக். வெள்ளை வெளேர்னு இருந்துச்சு, கையில எடுத்தா வெயிட்டே தெரியாது, தக்காளித் தோல்ல வச்சு இழுத்தாலே போதும் இறங்கிடும், எலுமிச்சம்பழம் வெட்டிட்டு கழுவாம வச்சாலும் துரு கிடையாது, கறை கிடையாது. மாசக்கணக்கா கூர் குறையவே இல்லை. அப்புறம் ஒரு நாள் பூசணிக்காய்ல இறக்கினேன், பாதியில சிக்கிக்கிச்சு, வெளிய எடுக்க மணிக்கட்டை லேசா திருப்பினேன், 'டிக்'னு ஒரு சின்ன சத்தம். எடுத்துப் பார்த்தா முனையில ஒரு அரிசி அளவுக்கு காணோம். அந்த சில்லு எந்தத் துண்டுக்குள்ள போச்சுன்னு ரொம்ப நேரம் தேடினேன், கிடைக்கலை. சாப்பிடுற பொருள்ல ரிஸ்க் எடுக்கக்கூடாதுன்னு காயை மொத்தமா குப்பையில போட்டேன்.

அது கத்தியோட தப்பு இல்லை, அந்தப் பொருளோட குணமே அதுதான். சமையல் செராமிக் கத்தி சிர்கோனியா பவுடரை அழுத்தி சூளையில சுட்டு செய்யறது. ஸ்டீலை விட ரொம்ப கடினம், அதனாலதான் கூர் அவ்வளவு நாள் நிக்குது, ஆனா துளிகூட வளைஞ்சு கொடுக்காது. நேரா அழுத்தினா தாங்கும், பக்கவாட்டுல நெம்பினா உடையும், தரையில விழுந்தாலும் உடையலாம். எலும்பு, ஃப்ரீசர்ல இருந்து எடுத்த கறி, கெட்டியான காய், பழத்தோட கொட்டை இது எதுவும் அதுக்கு ஆகாது. இன்னொரு பெரிய சிக்கல், மழுங்கிடுச்சுன்னா சாதாரண கல்லுல தீட்ட முடியாது, வைரத் தூள் பூசின சாணைதான் வேணும். அதனால செராமிக்கை ரெண்டாவது கத்தியா வச்சுக்கங்க, சின்ன சைஸ்ல, பழத்துக்கும் மெத்துன்னு இருக்கற காய்க்கும் அருமையா இருக்கும்.

ஜப்பான் கத்தியிலயும் இதே குணம் கொஞ்சம் இருக்கு, இதைத்தான் நிறைய பேர் கவனிக்கறதில்லை. ஜெர்மன் ஸ்டைல் கத்திங்க பொதுவா ஸ்டீலோட கடினத்தை அளக்கற ராக்வெல் அளவுல 56, 58ல இருக்கும், ஜப்பான் கத்திங்க 60க்கு மேல. ஸ்டீல் கடினமா இருக்கறதால விளிம்பை மெல்லிசா, ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி கிட்ட தீட்டலாம், வெங்காயம் நசுங்காம நறுக்குறது அதனாலதான். அதே காரணத்தால எலும்புல போட்டா விளிம்புல சில்லு சில்லா பேந்துடும். வரி வரியா இருக்கற ஸ்டீல் கம்பியில தேய்க்கறதும் இதுக்கு வேணாம், கல்லுதான் சரி.

பேரைப் பார்த்து குழம்ப வேணாம். சன்தோகு எல்லா வேலைக்கும். கியூத்தோ நீளமா, முனை கூரா இருக்கும், கறி நிறைய வெட்டுறவங்களுக்கு 210 மில்லிமீட்டர் நல்லாருக்கும். நகிரி செவ்வகமா இருக்கும், காய்கறிக்கு மட்டும். ஸ்டீல்ல ஷிரோகாமி, அவோகாமின்னு ரெண்டு கார்பன் வகை அடிக்கடி கண்ணுல படும், 'வெள்ளைத்தாள்', 'நீலத்தாள்'னு அர்த்தம், அந்த ஸ்டீலை சுத்தி வர்ற தாளோட கலர்ல இருந்து வந்த பேரு. தீட்ட ரொம்ப சுகமா இருக்கும், ஆனா ஈரத்தோட அஞ்சு நிமிஷம் வச்சாலே துரு எட்டிப் பார்க்கும், நறுக்க நறுக்க துணியால துடைச்சுக்கிட்டே இருக்கணும். முதல் கத்திக்கு விஜி-10 மாதிரி ஸ்டெயின்லெஸ் போதும். அலகு மேல அலை அலையா இருக்கற டமாஸ்கஸ் டிசைன் பார்க்க அழகுதான், ஆனா வெட்டுறது நடுவுல இருக்கற ஸ்டீல், அந்த அலைக்காக கூடுதல் காசு கொடுக்காதீங்க.

தீட்டுறது பயப்படற அளவுக்கு ஒண்ணுமில்லை. ஊறவைக்கற வகை கல்லா இருந்தா தண்ணில போடுங்க, முட்டை முட்டையா காத்து வர்றது நின்னதும் எடுத்து ஈரத்துணி மேல வைங்க, நகராது. கத்தியோட முதுகை சுண்டுவிரல் நுனி தண்டிக்கு தூக்கிப் பிடிச்சா கிட்டத்தட்ட 15 டிகிரி வந்துடும். அந்தக் கோணம் மாறாம முன்னும் பின்னும் தேயுங்க, சாம்பல் கலர்ல சேறு மாதிரி வரும், அதைக் கழுவாதீங்க, அதுவும் சேர்ந்துதான் தீட்டுது. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபக்கம் கட்டைவிரலை முதுகுல இருந்து விளிம்பை நோக்கி மெதுவா வெளிப்பக்கமா தடவினா பொடியா ஒரு பிசிறு தட்டுப்படும். அலகோட குதிகால்ல (கைப்பிடிப் பக்கத்து கோடி) இருந்து முனை வரைக்கும் அது வந்துடுச்சான்னு பார்த்துட்டுத்தான் திருப்பணும். முதல் தடவை நான் இதுக்கு முன்னாடியே திருப்பித் திருப்பித் தேய்ச்சு ஒரு மணி நேரம் வீணாச்சு, பிசிறுன்னா என்னன்னு விரலுக்குப் பிடிபட்ட அன்னிக்குத்தான் கத்தி தக்காளியில தானா இறங்குச்சு. இப்போ ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை தீட்டுறேன், இருபது நிமிஷ வேலை.

பலகை மரம் இல்லேன்னா மெத்துன பிளாஸ்டிக். கண்ணாடி, கிரானைட், ஸ்டீல் மேல வச்சு நறுக்கினா எந்தக் கத்தியும் நாலு நாள்ல போயிடும். நறுக்கினதை பலகையில இருந்து வழிக்கும்போது கத்தியைத் திருப்பி முதுகால வழிங்க. டிஷ்வாஷர்ல போடவே போடாதீங்க.

நீங்க இடது கைக்காரரா இருந்தா இன்னொண்ணு, மீன் வெட்டுற தேபா, யனகிபா மாதிரி ஒரு பக்கம் மட்டும் தீட்டின கத்திங்க பெரும்பாலும் வலது கைக்குன்னே வரும், தெரியாம எடுத்துடாதீங்க. சன்தோகு பொதுவா ரெண்டு பக்கமும் தீட்டினதுதான், ஆனா கைப்பிடி ஒரு பக்கம் மட்டும் மேடா இருக்கான்னு கையில பிடிச்சுப் பார்த்துட்டு எடுங்க.