வேலையாள் கடைப் பணத்தை எடுத்துக்கொண்டால் அது திருட்டா, கையாடலா? இரண்டுக்கும் சட்டத்தில் என்ன வித்தியாசம்?

கேட்டவர் சின்னதாகக் கடையோ ஏஜென்சியோ நடத்துகிறவர் என்று நினைக்கிறேன். ஸ்டேஷனுக்குப் போய் "சார், திருடிட்டான்" என்று சொல்லியிருப்பீர்கள், "இது கணக்கு வழக்குப் பிரச்சினை, உங்களுக்குள்ளேயே பேசி முடிச்சுக்கோங்க" என்று அனுப்பியிருப்பார்கள். எங்களுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. நான் வக்கீல் இல்லை, ஒரு வழக்கோடு அலைந்தவன், அவ்வளவுதான்.

பணம் அவர் கைக்கு எப்படி வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கல்லாவில் கிடந்ததை உங்கள் சம்மதம் இல்லாமல் எடுத்தால் திருட்டு. நீங்கள் நம்பி ஒப்படைத்ததையோ, உங்கள் பெயரில் வசூலித்ததையோ கணக்கில் காட்டாமல் அமுக்கிக்கொண்டால் நம்பிக்கை மோசடி, அதாவது நாம் கையாடல் என்று சொல்வது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் வேலையாள் செய்யும் திருட்டுக்குப் பிரிவு 306, வேலையாள் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு 316(4). அதற்கு முன்பிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 381, 408. எங்களுடையது பழைய 408. எதில் போட்டாலும் 7 வருடம் வரை சிறை உண்டு.

எங்கள் கதை இது. விருதுநகர் பக்கம் சோப்பு, பிஸ்கட் ஏஜென்சி. லைன் வசூலுக்குப் போனவர் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் முன்னால் நின்று பந்தி விசாரித்தவர். ஒருநாள் பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் பாக்கி கேட்டேன். "என்ன தம்பி, போன வாரமே குடுத்தாச்சே" என்று ரசீதை எடுத்துக் காட்டினார். 8,500. எங்கள் ரசீது புக்கில் அதே எண்ணின் கார்பன் காப்பியில் 3,500. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் தேதி, கடைப் பெயர், பின்னால் வரும் 500 எல்லாம் கார்பன் மங்கல், அந்த 3 மட்டும் நேரடியாகப் பேனாவில் எழுதின பளிச் நீலம். ரசீதில் 8 போடும்போது மட்டும் அடியில் அட்டையை வைத்து எழுதியிருக்கிறார். அப்புறம் ஒவ்வொரு கடையாகப் போய்ப் பார்த்தால், ஒருவர் கொடுத்த பணத்தை இன்னொருவர் பாக்கியில் வரவு வைத்து, அதை மறைக்க மூன்றாவது கடை என்று மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்.

எங்கள் வக்கீல்தான் விளக்கினார். அண்ணாச்சி மனமாரக் கொடுத்த பணம், வாங்க எங்கள் ஆளுக்கு அதிகாரமும் இருந்தது, எங்கள் கல்லாவுக்கு அது வரவே இல்லை, அப்புறம் எதைத் திருடினார் என்பீர்கள்? இதே சிக்கல் 1799இல் லண்டனில் வந்ததாம். பேஸ்லி என்ற வங்கி குமாஸ்தா, வாடிக்கையாளர் கட்டிய 100 பவுண்டு நோட்டை வங்கிப் பெட்டியில் போடாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வங்கியின் வசம் வராத நோட்டு என்பதால் திருட்டு வழக்கு நிற்கவில்லை, அந்த ஓட்டையை அடைக்க அதே வருடம் அங்கே கையாடலுக்கென்று தனிச் சட்டமே போட்டார்கள்.

"தண்டனை ஒன்றுதானே, பெயரில் என்ன இருக்கிறது" என்று யாராவது பின்னூட்டத்தில் கேட்பீர்கள். நிரூபிக்க வேண்டியது வேறு. திருட்டு என்றால் எடுத்ததைக் காட்ட வேண்டும். கையாடல் என்றால் ஒப்படைத்ததையும், அவர் கணக்குக் கொடுக்காததையும் காட்டினால், பணம் எங்கே போனது என்று அவர்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். "திருப்பி வைக்கத்தான் இருந்தேன்" என்பதும் எடுபடாது, தற்காலிகமாக எடுத்தாலும் குற்றம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

ஏழை வேலையாள் மேல் கேஸ் போட்ட முதலாளி என்று திட்ட வருகிறவர்களுக்கு: சம்பளம் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போனதில்லை, மகள் படிப்புக்கும் கொடுத்திருக்கிறோம். நாங்கள் ஒன்றும் பெரிய முதலாளிகள் இல்லை. மாசக் கடைசியானால் கம்பெனி ஆபீசர் டார்கெட் என்று சொல்லி, கேட்காத சரக்கை வண்டி வண்டியாக இறக்கிவிட்டுப் போவார். விற்காவிட்டால் வட்டி எங்கள் தலையில். காலாவதியானதைத் திருப்பி எடுக்கச் சொன்னால் போனை எடுக்க மாட்டார். அது எந்தப் பிரிவில் வரும் என்றும் யாராவது சொன்னால் நல்லது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. ரசீது புக், டே புக், அவர் உங்களிடம் வேலை பார்த்ததற்கான சம்பளப் பதிவு, எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பணம் கொடுத்த கடைக்காரர்களிடம் தேதி, தொகை போட்டு எழுத்தில் வாங்குங்கள், ஆறு மாதம் போனால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. மனுவில் திருட்டு என்று எழுதாமல், இன்ன வேலைக்கு இவரை வைத்தேன், இன்ன தேதியில் இன்னாரிடம் இவ்வளவு வசூலித்தார், கட்டவில்லை என்று வரிசையாக எழுதுங்கள். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அங்கேயும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். எங்கள் எஃப்.ஐ.ஆர் அந்த வழியில்தான் பதிவானது.